பின்பனியும் மலைப்பாதையும்



நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இவற்றுள் பின்பனி கழிந்து இளவேனில் தொடங்கும் காலத்தைப் பற்றியும், அக்காலத்தில் மலைப்பாதைக்குத் திரும்புவதைப் பற்றியுமே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

குளிர் மிகுந்த நாடுகளில் வாழ்வோர்க்குப் பனிக்காலம் கழிவது ஒரு விடுதலை. உறைந்த பனி உருகும். மூடிக் கிடந்த பாதைகள் திறக்கும். மக்கள் கைத்தடியும் தோள்பையுமாக மலைநோக்கிப் புறப்படுவர். நம் நாட்டில் மலைப்பாதையை மூடுவது உறைபனியன்று, மழை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் ஓடைகள் பெருகும்; மண் சரியும்; அட்டைகள் காலைப் பற்றும். மார்கழியிலும் தையிலும் மூடுபனி வழியை மறைக்கும். மாசி பிறந்து வானம் தெளிந்ததும் நமக்கும் மலையாசை பிறக்கிறது. தேர்வு நெருங்கும் காலமாயினும், சனி ஞாயிறுகளில் ஒருநாள் மலைக்குப் போய்வந்தால் என்ன என்று இளைஞர் உள்ளம் எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணத்தை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அதற்கு முன் ஒரு செய்தியை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பயின்ற மாணவர், குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதுகள் கூதிரும் முன்பனியும் என்பதை அறிவர். பாலைக்குரியது வேனில், அதனோடு பின்பனியும் பாலைக்கு உரியதாகும் என்று அந்நூல் கூறுகிறது. இதனைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோர் பலர். இதன் பொருளைக் காலால் நடந்து அறிந்தோர் சிலர். மலைக்கு உரிய காலம் முன்பனியோடு முடிந்துவிடுகிறது. மாசி பிறந்ததும் அதே மலை பாலையின் பக்கம் சாயத் தொடங்குகிறது. குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையிலும் காண்கிறோம். பாலை என்பது தனியான ஒரு நிலமன்று. மலைக்கும் காட்டுக்கும் பருவத்தால் வரும் ஒரு நிலை. ஆகவே கார்த்திகையில் நாம் விட்டு வந்த மலை வேறு; மாசியில் நாம் திரும்பிக் காணும் மலை வேறு. பெயர் ஒன்றே, பாதை ஒன்றே, இயல்பு ஒன்றன்று. இதுவே நான் இன்று சொல்ல விரும்பும் செய்தி.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை சுவர்போல் எழுந்து நிற்கிறது. அதன் அடிவாரத்தில் கொட்டகுடி, குரங்கணி என்னும் ஊர்கள் உள்ளன. குரங்கணியிலிருந்து ஒரு பாதை மேலேறி, சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் சிற்றூரைக் கடந்து, கேரள எல்லையிலுள்ள டாப் ஸ்டேஷனை அடைகிறது. மற்றொரு வழி கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்கிறது.

புகைவண்டியே செல்லாத மலைமேல் ‘ஸ்டேஷன்’ என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்று நீங்கள் வினவலாம். மூணாற்றுப் பகுதியில் விளைந்த தேயிலையைச் சமவெளிக்குக் கொண்டுவருவதற்காக, 1902ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றை அமைத்தனர். 1908ஆம் ஆண்டில் அது சிறிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. அப்பாதை வந்து முடிந்த இடமே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் இரும்புக் கயிற்றில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கின. பின்னர்ப் போடிநாயக்கனூருக்குச் சென்றன. 1924ஆம் ஆண்டு ஆடி மாதப் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்துவிட்டது. தண்டவாளம் போயிற்று, கயிற்றுப்பாதையும் போயிற்று, பெயர்கள் மட்டும் மலைமேல் நின்றுவிட்டன. காலால் நடந்தோரின் பாதையும் நின்றுவிட்டது. முதுவர் குடியினரும், தோட்டத் தொழிலாளரும், ஏலமும் காப்பியும் சுமந்தோரும் நாள்தோறும் மிதித்ததால் அப்பாதை இன்றும் உயிரோடு இருக்கிறது. நடப்பார் இல்லையேல் மலைப்பாதை சில ஆண்டுகளில் புதர்மண்டி மறைந்துவிடும்.

இனி, மாசி மாதத்தில் அத்தகைய பாதையில் நாம் காண்பவை யாவை?

முதலில் மழையின் கைவேலையைக் காண்போம். பாதையின் மேல்மண் கரைந்து போயிருக்கும். சென்ற ஆண்டில் மண்ணுக்குள் இருந்த வேர்கள் இப்போது படிகள்போல் வெளியே தெரியும். உறுதியாக இருந்த கல், அடிமண் அரிக்கப்பட்டு, மிதித்தவுடன் புரளக்கூடும். ஆகவே பழகிய பாதைதானே என்று ஓடாமல், கல்லைக் காலால் தட்டிப் பார்த்துப் பாரம் வைத்தல் வேண்டும். வளைந்து செல்லும் பாதையை வெட்டிக் குறுக்கே ஏறுவோர் சிலர் உண்டு. அவர் ஏறிய தடமே அடுத்த மழையில் நீரோடும் வாய்க்காலாகிப் பாதையை அறுத்துவிடுகிறது. பாதையை வளைத்து அமைத்தவர் வழி தெரியாமல் வளைக்கவில்லை. நீரின் வேகத்தைத் தணிப்பதற்கும் சுமப்பவரின் மூச்சைக் காப்பதற்குமே வளைத்தனர்.

அடுத்து மரங்களைக் காண்போம். அடிவாரக் காட்டில் பல மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். இலையில்லாத முள்ளிலவில் செந்நிறப் பெரும்பூக்கள் நிறைந்திருக்கும். இலவு காத்த கிளியைப் பழமொழியில் அறிந்த நாம், இலவம்பூவின் தேனை நாடிவரும் மைனாவையும் கரிச்சானையும் அணிலையும் நின்று பார்ப்பதில்லை. புரச மரம் தீக்கொழுந்து போலப் பூத்திருக்கும். புங்க மரத்தில் பளபளக்கும் இளந்தளிர் தோன்றும். இன்னும் மேலே, காப்பித் தோட்டங்களில், மாசி பங்குனியில் ஒரு நல்ல மழை பெய்தால், பத்து நாள் அளவில் செடிகளெல்லாம் வெள்ளைப் பூவாய்ப் பூத்து மல்லிகை போல் மணக்கும். இம்மழை தவறினால் அவ்வாண்டு விளைச்சல் குறையும் என்பதைத் தோட்டக்காரர் அறிவர். ஆதலால் அவர்கள் வானத்தை நாம் பார்ப்பதைவிடக் கவனமாகப் பார்ப்பர்.

பறவைகளும் காலத்தைச் சொல்லும். ஆறுமணிக் குருவி என்று ஒரு பறவை உண்டு. காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் கூவுவதால் அதற்கு இப்பெயர் வந்தது. பச்சையும் நீலமும் செம்மையும் கலந்த அச்சிறு பறவை, குளிர்காலத்தை நம் தென்னாட்டில் கழித்து, வெயில் ஏறியதும் இனப்பெருக்கத்திற்காக வடக்கே சென்றுவிடும். அதன் குரல் நின்று, குயிலின் குரல் ஓங்கும்போது, இளவேனில் அருகில் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்றாவதாகக் காண வேண்டியது புல். அதுவே இன்றியமையாதது, அதுவே பலர் காணத் தவறுவது. மழைக்காலத்தில் ஆள் உயரம் வளர்ந்த பச்சைப்புல் மாசியில் பொன்னிறமாகக் காய்ந்து மலைச்சரிவு முழுதும் பரந்து கிடக்கும். தேய்த்தால் எலுமிச்சை மணக்கும் புல்லும் அதில் உண்டு. அதில் எண்ணெய்ச் சத்து இருத்தலால் எளிதில் பற்றி எரியும். மாலை வெயிலில் அப்புல்வெளி மிக அழகாகத் தோன்றும். ஆனால் குறிஞ்சி பாலையாகி நிற்கும் இடம் அதுவேதான்.

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய நாளில், மாசி மாதத்து ஒருநாள் மாணவர் சிலரை மலையடிவாரத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். காலை உணவுக்காக ஒரு புல்மேட்டில் அமர்ந்தோம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் அமரவில்லை. அவன் தந்தையார் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர். அவன் சிறிது உலர்ந்த மண்ணை அள்ளி மேலிருந்து உதிர்த்துப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, “ஐயா, காற்று மேலே ஏறத் தொடங்கிவிட்டது. இனிப் புல்லில் உட்கார வேண்டாம். ஓடைக்கரைக்கு இறங்கிவிடுவோம்” என்றான். அப்போது மணி பத்து இருக்கும். எங்கும் புகை இல்லை, தீயும் இல்லை. ஆயினும் அவன் சொல்லைக் கேட்டு யாவரும் ஓடைக்கரைக்குச் சென்றோம். இரவில் மலையிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கிக் காற்று இறங்கும். பகலில் வெயிலால் சரிவு சூடேற, பள்ளத்தாக்கிலிருந்து மலையை நோக்கிக் காற்று ஏறும். இதனைப் புவியியல் வகுப்பில் நான் பலமுறை கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அம்மாணவன் அதனைத் தன் இல்லத்திலேயே கற்றிருந்தான். கற்றதைத் தக்க நேரத்தில் எடுத்துச் சொல்லவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அன்று எங்களுக்கு எந்த இடரும் நேரவில்லை. இடர் நேராதவாறு நடப்பதே மலையறிவு.

ஏறும் காற்று ஏன் அஞ்சத்தக்கது? சமவெளியில் தீ எரியும்போது சுடர் நேரே மேல்நோக்கி எழும். மலைச்சரிவில் எரியும்போது சுடருக்கு முன்னே, மேலே உள்ள புல் மிக அருகில் இருக்கிறது. சுடரின் வெம்மை அப்புல்லை முன்னதாகவே உலர்த்திச் சூடேற்றிவிடுகிறது. சரிவு 10 பாகை கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது காட்டுத்தீயை அணைப்போர் கையாளும் கணக்கு. அதனோடு பகற்காற்றும் சேர்ந்துகொண்டால் மேல்நோக்கி ஓடும் மனிதனைத் தீ எளிதில் முந்திவிடும். மனிதன் ஏற ஏற இளைப்பான். தீ ஏற ஏற விரையும்.

இது வெறும் பாடமன்று. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. தமிழ்க் கணக்கில் அது மாசி மாதத்தின் இறுதி ஞாயிறு. முதல்நாள் மலையேறிய இரு குழுவினர், கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தனர். பெரும்பாலோர் இளைஞர், மகளிர் பலர். காய்ந்த புல்வெளியில் தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. 20க்கும் மேற்பட்டோர் அத்தீயிலும் தீப்புண்ணாலும் உயிரிழந்தனர். செய்தி அறிந்ததும் முதலில் மேலே ஓடியவர்கள் அம்மலையூர் மக்களே. அவர்கள் காயமுற்றோரைப் போர்வையில் கிடத்தித் தோளில் சுமந்து இறக்கினர். பின்னர் அரசுத் துறையினரும் விமானப்படையினரும் மீட்புப் பணியில் ஈடுபட்டனர். உயிரிழந்தவர் மலையை விரும்பிச் சென்றவர்கள். உங்களைப் போன்று படித்தவர்கள், பணிபுரிந்தவர்கள். அவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவர்களுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை, மலை அப்பருவத்தில் என்ன நிலையில் இருக்கிறது என்பதைக் கற்றுக்கொள்வதேயாகும்.

அந்நிகழ்ச்சிக்குப் பின் அதே 2018ஆம் ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்திற்கென விதிமுறைகளை வகுத்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் 40 மலைப்பாதைகளைத் தேர்ந்து, அனுமதிச் சீட்டும் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் கொண்டு நடக்கும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. மலையைச் சார்ந்து வாழும் மக்களே அதில் வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டனர். 2025ஆம் ஆண்டில், பிப்ரவரி நடுப்பகுதி தொடங்கி இரண்டு மாதங்கள், காட்டுத்தீயின் அச்சத்தால் அப்பாதைகள் மூடப்பட்டன. பிப்ரவரி நடுவென்பது மாசித் தொடக்கம். ஏப்ரல் நடுவென்பது சித்திரைப் பிறப்பு. அஃதாவது, பழைய இலக்கணம் பாலைக்கு அளித்த பின்பனிக் காலமும், இன்றைய வனத்துறை பாதையை மூடிய காலமும் ஒன்றாகவே இருக்கின்றன. முன்னோர் நிலத்தைக் கண்ணாரக் கண்டே இலக்கணம் எழுதினர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்படியாயின் மாசி பங்குனியில் வீட்டிலேயே அடைந்து கிடப்பதா என்று நீங்கள் கேட்பீர்கள். வேண்டுவதில்லை. ஒவ்வொரு பருவத்திற்கும் ஏற்ற பாதை உண்டு. காடடர்ந்த பெருமலைகளுக்கு மழை ஓய்ந்து புல் பசுமையாக இருக்கும் மார்கழியும் தையும் ஏற்றவை. பின்பனியிலும் இளவேனிலிலும் நம் ஊர்ப்பக்கத்துப் பாறைக்குன்றுகளும் ஏரிக்கரைகளும் ஏற்றவை. மதுரையைச் சுற்றி மட்டும் யானைமலை, திருப்பரங்குன்றம், சமணர்மலை, அரிட்டாபட்டி என எத்தனை குன்றுகள்! தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில், பழந்தமிழ்க் கல்வெட்டையும், குடைவரைக் கோயிலையும், பாறையிடுக்கில் கூடுகட்டும் வல்லூறு இனப் பறவைகளையும் ஒரே காலையில் காணலாம். விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். இத்தகைய இடம் உங்கள் ஊரிலும் இருக்கும். நீங்கள் இன்னும் அதன்மேல் ஏறியிராமல் இருக்கலாம்.

எங்கே சென்றாலும் சில நெறிகளைக் கடைப்பிடியுங்கள். அனுமதி வேண்டும் இடத்திற்கு அனுமதி பெற்றே செல்லுங்கள். பாதை மூடப்பட்டிருந்தால் திரும்பிவிடுங்கள். எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டாரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். அவ்வூரில் வாழும் ஒருவரைத் துணையாகக் கொள்ளுங்கள். அவர் சொல்லை ஆசிரியர் சொல்லாக மதியுங்கள். தீயில் உருகி உடலில் ஒட்டும் செயற்கை இழை ஆடையை விடுத்துப் பருத்தியாடை அணியுங்கள். தீப்பெட்டியைக் காட்டுக்குள் கொண்டுசெல்லாதீர்கள். நம் காடுகளில் எரியும் தீயிற் பெரும்பகுதி மனிதன் கையால் உண்டாவதே. புகை கண்டால் வேடிக்கை பார்க்க நில்லாது உடனே விலகுங்கள். தீ கீழே இருக்கும்போது மேல்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, பாறைவெளியையோ ஓடையையோ, முன்னரே எரிந்து அணைந்த கரிநிலத்தையோ நாடுங்கள். இவை அச்சுறுத்தும் சொற்களல்ல. நீந்தக் கற்றவன் ஆற்றை வெறுப்பதில்லை. ஆற்றின் சுழி இருக்கும் இடத்தை அறிந்துகொள்கிறான்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு புதிய மலையைத் தேடிச் சென்று நிழற்படம் எடுத்துத் திரும்புவதைவிட, ஒரே பாதைக்கு ஆண்டுதோறும் பருவந்தோறும் திரும்பிச் செல்லுங்கள். கையில் ஒரு சிறு குறிப்பேடு இருக்கட்டும். இலவு எந்த நாளில் பூத்தது, ஆறுமணிக் குருவியின் குரலைக் கடைசியாக என்று கேட்டோம், ஓடையில் நீர் எந்தக் கல்வரை நின்றது, புல் எப்போது நிறம் மாறியது, காற்று எந்த மணிக்குத் திரும்பியது என்பவற்றை நாளிட்டு எழுதுங்கள். முதலாண்டில் அது வெறும் குறிப்பு. ஐந்தாம் ஆண்டில் அது அறிவு. பத்தாம் ஆண்டில், மழை பொய்த்ததையும் வெயில் முந்தியதையும் பூக்கும் நாள் தள்ளிப்போனதையும் பிறருக்கு எடுத்துக்காட்டும் சான்றாக அது விளங்கும். பருவங்கள் நிலைகுலைகின்றன என்று உலகெங்கும் பேசப்படும் இந்நாளில், ஒரு குன்றின் பத்தாண்டுக் குறிப்பு சிறிய செல்வமன்று. அதனைத் திரட்டப் பெரிய கருவி எதுவும் வேண்டுவதில்லை. இரண்டு கால்களும், திறந்த கண்களும், ஒரு பென்சிலும் போதும்.

பாடநூலில் கற்ற ஆறு பொழுதையும் உங்கள் ஊர்க்குன்றின் மேல் ஒருமுறை கற்றுப் பாருங்கள். அப்போது பின்பனி என்பது தேர்வுத்தாளில் வரும் ஒரு சொல்லாக நில்லாது, கண்ணால் கண்டும் மூக்கால் முகர்ந்தும் காற்றால் உணர்ந்தும் அறிந்த ஒன்றாகிவிடும். அவ்வாறு அறிந்தவர் தாமும் நலமாகத் திரும்புவர். தம்மோடு வந்தவரையும் நலமாகக் கொண்டுவந்து சேர்ப்பர்.